முதலாம் ஆண்டின் நெருக்கடி வாரம்: கலைக் கல்லூரி மாணவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

முதல் செமஸ்டரில், ஆகஸ்ட் கடைசியிலோ செப்டம்பர் தொடக்கத்திலோ ஒரு வாரம் வரும். அதுவரை மெதுவாகப் போய்க்கொண்டிருந்த கல்லூரி அந்த வாரம் ஓட ஆரம்பிக்கும். முதல் இன்டர்னல் (கல்லூரியே நடத்தும்) தேர்வு, ரெக்கார்டுக்கு (ஆய்வகச் சோதனைகளை எழுதி ஒப்படைக்கும் நோட்டுக்கு) கையெழுத்து, தமிழ் அசைன்மென்ட், ஆங்கில செமினார், ஸ்காலர்ஷிப் படிவத்துக்குக் கடைசித் தேதி எல்லாம் ஒன்றாக வந்து நிற்கும். போதாததற்கு ஆவணி மாதம்; சொந்தத்தில் யாருக்காவது கல்யாணம் இருக்கும்.

நான் அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. வேதியியல் படித்தேன். இப்போது எம்.எஸ்சி. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். ரெக்கார்ட் என்றால் என்ன, இன்டர்னல் என்றால் என்ன என்று கேட்க வீட்டில் யாரும் இல்லை. முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் அதே கேள்விகளோடு இப்போது என்னிடம் வருகிறார்கள். அவர்களுக்குச் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன். கணக்குகளும் உதாரணங்களும் கலை அறிவியல் கல்லூரிக்கானவை. பொறியியல் படிப்பவர்களுக்கு மதிப்பெண் பிரிப்பு வேறு; வாரத்தைச் சமாளிக்கும் முறை அவர்களுக்கும் பொருந்தும்.

முதல் படி: சனிக்கிழமை இரவு ஒரு தாள், இரண்டு பத்தி

நெருக்கடி வாரம் திங்கட்கிழமை தொடங்குவதாக நினைக்காதீர்கள். அதற்கு முந்தைய சனிக்கிழமை இரவு ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போடுங்கள். இடப்பக்கம் 'பிறர் கையில்' என்றும் வலப்பக்கம் 'என் கையில்' என்றும் எழுதுங்கள்.

இன்னொருவர் இருந்தால்தான் முடியும் என்ற வேலை எல்லாம் இடப்பக்கம் போகும். ரெக்கார்டில் சார் கையெழுத்து, துறைத் தலைவர் கையெழுத்து, அலுவலகத்தில் போனஃபைட் சான்றிதழ் (இங்கே படிக்கிறீர்கள் என்று கல்லூரி தருவது), ஆய்வக நேரம், நூலகத்தில் ஒரே ஒரு பிரதி இருக்கும் புத்தகம், செமினார் தேதி, தோழியிடம் கொடுத்திருக்கும் நோட்டு. படிப்பது, எழுதுவது, வரைவது, துணி துவைப்பது என்று தனியாக உட்கார்ந்து முடிக்கக்கூடியது எல்லாம் வலப்பக்கம்.

இனி ஒரே விதி. இடப்பக்க வேலையைப் பகலில், கல்லூரி நேரத்தில், வாரத்தின் முதல் மூன்று நாளில் முடிக்க வேண்டும். வலப்பக்க வேலை இரவுக்கும் விடியற்காலைக்கும். முதலாம் ஆண்டில் பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். எழுத்து வேலையெல்லாம் முடித்துவிட்டுக் கடைசியாகக் கையெழுத்துக்குப் போகிறோம். அன்றைக்கு சார் இருக்க மாட்டார்.

எனக்கு நடந்தது இதுதான். முதல் செமஸ்டரில் ஆறு சோதனைகளை ஒரே ராத்திரியில் ரெக்கார்டில் எழுதி முடித்தேன். மறுநாள் காலை போனால், ஆய்வகத்திலேயே அளவுகளை எழுதும் அப்சர்வேஷன் நோட்டில் இரண்டு சோதனைக்குக் கையெழுத்தே இல்லை. அது இல்லாமல் ரெக்கார்டில் போட மாட்டார்கள். ஆசிரியர் விடைத்தாள் திருத்தும் பணிக்கு வெளியூர் போயிருந்தார். மூன்று நாள் துறை வாசலில் நின்றேன். அந்த மூன்று நாளும் இன்டர்னலுக்குப் படிக்க வேண்டிய நாட்கள். எனக்குப் படிப்பு வராமல் போகவில்லை. எதை முதலில் செய்வது என்று தெரியவில்லை, அவ்வளவுதான். பாடத்தைச் சொல்லிக் கொடுப்பவர்கள் இந்த வரிசையைச் சொல்லிக் கொடுப்பதில்லை.

இரண்டாம் படி: டே ஆர்டரைக் கிழமையாக மாற்றுங்கள்

பள்ளியில் திங்கள் என்றால் திங்கள் பாடவேளைதான். பல கல்லூரிகளில் அப்படி இல்லை. முதல் நாள், இரண்டாம் நாள் என்று ஆறு 'டே ஆர்டர்' இருக்கும். நடுவில் விடுமுறை வந்தால் ஆர்டர் தாண்டாது, அடுத்த வேலை நாளுக்குத் தள்ளிப் போகும். செவ்வாய் மூன்றாவது ஆர்டர், புதன் விடுமுறை என்றால் வியாழன் நான்காவது ஆர்டர். ஆய்வகம் நான்காவது ஆர்டரில் இருந்தால், போன வாரம் புதன்கிழமை இருந்த ஆய்வகம் இந்த வாரம் வியாழக்கிழமை.

ஆகவே அந்தத் தாளின் மேல்பகுதியில் ஆறு கட்டம் போட்டு, கிழமையையும் அதற்கு நேராக ஆர்டரையும் எழுதிக்கொள்ளுங்கள். லேப் கோட் என்றைக்கு, கிராஃப் தாள் என்றைக்கு, டிக்‌ஷனரி என்றைக்கு என்பது அப்போதுதான் தெரியும். தேர்வு நாட்களில் ஆர்டர் ஓடுமா நிற்குமா என்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறும். வகுப்புப் பிரதிநிதியிடம் கேட்காதீர்கள், அறிவிப்புப் பலகையைப் பாருங்கள். வாட்ஸ்அப் குழுவில் வரும் "நாளைக்கு ஆர்டர் 5 தானாம்" என்பதில் அந்த 'ஆம்' ஆபத்தானது.

நான் சொல்லப்போகும் உதாரண வாரம் இது. திங்கள் தமிழ் அசைன்மென்ட். செவ்வாய் துணைப்பாடமான கணித இன்டர்னல், புதன் வேதியியல் இன்டர்னல். ஸ்காலர்ஷிப் படிவத்துக்கும் புதன்தான் கடைசி. வியாழன் ஆய்வகம், ரெக்கார்ட் ஒப்படைப்பு. வெள்ளி ஆங்கில செமினார். அதே வெள்ளி காலை அத்தை மகள் கல்யாணம், பக்கத்து ஊரில்.

மூன்றாம் படி: வருகைக் கணக்கை நீங்களே போடுங்கள்

கல்யாணத்துக்கு லீவு போடலாமா என்ற கேள்விக்கு விடை இந்தக் கணக்கில் இருக்கிறது. செமஸ்டருக்கு 90 வேலை நாள், நாளுக்கு 5 மணி வேளை என்றால் மொத்தம் 450. தேர்வு எழுத 75 சதவீதம் வேண்டும், அதாவது 338. ஆக 112 மணி வேளை, ஏறக்குறைய 22 நாள் உங்களிடம் இருக்கிறது. 75க்குக் கீழே, 65க்கு மேலே இருந்தால் தகுந்த காரணம் காட்டி, கண்டோனேஷன் (வருகைக் குறைவைப் பொறுத்துக்கொள்வதற்கான) கட்டணம் கட்டித் தேர்வு எழுத வழி உண்டு. அதை நம்பி லீவு போடக் கூடாது. அது காய்ச்சலுக்கும் விபத்துக்கும் உள்ள வழி.

22 நாள் என்றதும் நிறைய இருக்கிறது என்று தோன்றும். ஆனால் எல்லா மணி வேளையும் ஒன்றல்ல. சாதாரண வகுப்பைத் தவறவிட்டால் நோட்டு வாங்கி எழுதிக்கொள்ளலாம். ஆய்வகத்தைத் தவறவிட்டால் அந்தச் சோதனையைச் செய்ய வேறொரு பிரிவின் நேரத்தில் இடம் கேட்டு நிற்க வேண்டும். அதுவும் பிறர் கையில். அதனால் லீவு எதற்குப் போட்டாலும் ஆய்வக நாளில் போடாதீர்கள்.

சரி, வெள்ளிக்கிழமை கல்யாணத்துக்கு என்ன செய்வது? நான் செய்ததைச் சொல்கிறேன். என் செமினார் வெள்ளி முதல் மணி வேளையில் இருந்தது. எனக்கு அடுத்த ரோல் நம்பர் தோழிக்குத் திங்கட்கிழமை முறை. அவளுக்கு இன்னும் நான்கு நாள் தேவைப்பட்டது. எனக்கு ஏற்கெனவே தயார். முந்தைய வாரமே இருவரும் சேர்ந்து மேடமிடம் போய், "மேம், நாங்க ரெண்டு பேரும் தேதி மாத்திக்கலாமா?" என்று கேட்டோம். சரி என்று சொல்லிவிட்டார். அன்று மாலையே அத்தைக்குப் போன் செய்தேன். "அத்தை, வியாழக்கிழமை எனக்கு லேப் இருக்கு. முடிச்சிட்டு ராத்திரி ரிசப்ஷனுக்கே வந்துடறேன். முகூர்த்தம் முடிஞ்சு சாப்பிட்டுட்டுக் கிளம்பறேன்." ஒரு வாரம் முன்னால் சொன்னதால் அத்தைக்கு வருத்தம் இல்லை. அன்றைக்குக் காலையில் சொல்லியிருந்தால் "படிப்பு படிப்புனு ஒறவையே மறந்துட்டா" என்று பேச்சு வந்திருக்கும். உறவுக்காரர்களும் 'பிறர் கையில்' பத்தியில்தான் வருகிறார்கள்.

நான்காம் படி: அலுவலக வேலையைத் திங்கட்கிழமையே தொடங்குங்கள்

ஸ்காலர்ஷிப் படிவத்தைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். நம் போன்ற வீடுகளில் அந்தப் பணம்தான் பஸ் செலவு, ஜெராக்ஸ் செலவு, சில நேரம் மதியச் சாப்பாடு. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. ஆண்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டில் வந்தது. இரண்டுக்குமே உங்கள் பெயரில் வங்கிக் கணக்கு வேண்டும், அதில் ஆதார் இணைந்திருக்க வேண்டும். ஆதாரில் 'செல்வி' என்றும் மதிப்பெண் சான்றிதழில் 'செல்வி மு' என்றும் இருந்தால் அதைச் சரி செய்யவே ஒரு வாரம் போய்விடும்.

வருமானச் சான்று கேட்டிருந்தால் இன்னும் முன்னதாகத் தொடங்க வேண்டும். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்த உடனே கையில் வராது. வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் அலுவலகம் என்று ஒவ்வொரு மேசையாகப் போகும். கடைசித் தேதி புதன் என்றால், இந்தச் சான்றுக்கு இரண்டு வாரம் முன்பே போயிருக்க வேண்டும். இந்த வாரத்தில் செய்யக்கூடியது போனஃபைட் வாங்குவது, ஜெராக்ஸ் எடுப்பது, படிவத்தை ஒப்படைப்பது மட்டும்.

ஜெராக்ஸ் பற்றி ஒரு வார்த்தை. ஆதார், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், சாதிச் சான்று, பத்து பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் சான்று, டி.சி. இவை ஒவ்வொன்றிலும் ஐந்து பிரதி எடுத்து ஒரு ஃபைலில் போட்டு வையுங்கள். நான்கு பாஸ்போர்ட் சைஸ் போட்டோவும் அதிலேயே இருக்கட்டும். இதை ஜூலையில் ஒருமுறை செய்துவிட்டால் வருடம் முழுவதும் அலுவலக வாசலில் "ஜெராக்ஸ் எடுத்துட்டு வா" என்று திருப்பி அனுப்பப்பட மாட்டீர்கள்.

ஐந்தாம் படி: ஆய்வகமும் ரெக்கார்டும்

இதை விரிவாகச் சொல்ல வேண்டும். அறிவியல் பிரிவில் முதலாம் ஆண்டுப் பிள்ளைகளின் நேரம் அதிகம் வீணாவது இங்கேதான். ஒருமுறை பிடிபட்டுவிட்டால் மூன்று வருடமும் கைகொடுக்கும்.

அந்த வியாழக்கிழமை மோர் உப்பின் (இரும்பு அம்மோனியம் சல்பேட்டின்) அளவைக் கண்டுபிடிக்கும் சோதனை என்று வைத்துக்கொள்வோம். இரண்டு டைட்ரேஷன். முதலில் ஆக்சாலிக் அமிலமும் பெர்மாங்கனேட்டும், அப்புறம் மோர் உப்பும் பெர்மாங்கனேட்டும். பிளஸ் டூ தமிழ் வழியில் 'தரம் பார்த்தல்' என்று படித்ததுதான் இங்கே டைட்ரேஷன். 'சமான எடை' இங்கே ஈக்விவலன்ட் வெயிட். இந்தச் சொல் மாற்றத்துக்கென்று அப்சர்வேஷன் நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு பட்டியல் வைத்திருங்கள். தமிழ் வழியில் படித்து வந்தவர்களுக்கு விஷயம் தெரியும். பெயர் மாறியதால்தான் தெரியாதது போல இருக்கிறது.

புதன் இரவே அப்சர்வேஷன் நோட்டில் நோக்கம், தத்துவம், செய்முறை எழுதி, அட்டவணைக்குக் கோடு போட்டு எண்ணுக்கு இடம் விட்டு வையுங்கள். ஆய்வகத்தில் போய்க் கோடு போட்டுக்கொண்டிருந்தால் மற்றவர்கள் பர்னரைப் பிடித்துவிடுவார்கள்.

மேசையில் கவனிக்க வேண்டியவை இவை. ப்யூரெட்டை முதலில் தண்ணீரால் கழுவி, அப்புறம் பெர்மாங்கனேட்டைக் கொஞ்சம் ஊற்றி அலசுங்கள். தண்ணீர் ஒட்டியிருந்தால் கரைசல் நீர்த்துவிடும். கோனிக்கல் குடுவைக்கு அந்த அலசல் கூடாது, தண்ணீர் போதும். பெர்மாங்கனேட் அடர்ந்த ஊதா நிறம், கீழ் வளைவு கண்ணுக்குத் தெரியாது. மேல் மட்டத்தைப் பார்த்து அளவெடுங்கள். தொடக்கத்திலும் முடிவிலும் அதே மட்டம்தான்.

20 மி.லி. ஆக்சாலிக் அமிலத்தை பிப்பெட்டில் எடுத்து, அதே அளவு நீர்த்த கந்தக அமிலம் சேர்த்து, 60 முதல் 70 டிகிரி வரை சூடாக்க வேண்டும். குடுவையைக் கையில் பிடிக்க முடியாத சூடு வந்து, ஆவி கிளம்பத் தொடங்கும் நிலை. கொதிக்கவிடாதீர்கள். முதல் சொட்டு விட்டதும் இளஞ்சிவப்பு அப்படியே நிற்கும். முடிவு வந்துவிட்டது என்று பயந்துவிடாதீர்கள். குலுக்கிக்கொண்டே இருந்தால் மெதுவாக மறையும். வினையில் உண்டாகும் மாங்கனீஸ் அயனியே வினையை வேகப்படுத்துவதால் அடுத்தடுத்த சொட்டுகள் சட்டென்று மறையும். கடைசியில் ஒரு சொட்டு விழுந்து, வெளிர் இளஞ்சிவப்பு அரை நிமிடம் நின்றால் அதுதான் முடிவு. நடுவில் பழுப்பாகக் கலங்கினால் அமிலம் போதவில்லை, அல்லது அவசரப்பட்டு வேகமாக விட்டுவிட்டீர்கள். அந்தக் குடுவையைக் கொட்டிவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள். அந்த எண்ணைச் சரிக்கட்டி எழுத வேண்டாம், அடுத்த எண் காட்டிக் கொடுத்துவிடும்.

மோர் உப்பைச் சூடாக்கக் கூடாது. அதிலுள்ள இரும்பு காற்றில் ஆக்சிஜனோடு சேர்ந்துவிடும். முதல் டைட்ரேஷன் பழக்கத்தில் இதையும் அடுப்பில் வைத்துவிடுவது முதலாம் ஆண்டில் எல்லோரும் செய்யும் தவறு.

கணக்கு எளிது. ஆக்சாலிக் 0.1 நார்மல் (கரைசலின் செறிவைச் சொல்லும் அளவு), 20 மி.லி.; பெர்மாங்கனேட் 19.6 மி.லி. செலவானால் அதன் நார்மாலிட்டி 20 × 0.1 ÷ 19.6 = 0.1020. மோர் உப்பு 20 மி.லி.க்கு 18.8 மி.லி. செலவானால் அதன் நார்மாலிட்டி 18.8 × 0.1020 ÷ 20 = 0.0959. இதை மோர் உப்பின் சமான எடையான 392 ஆல் பெருக்கி 10 ஆல் வகுத்தால் 100 மி.லி.யில் 3.76 கிராம். இந்தக் கணக்கை ஆய்வகத்திலேயே முடித்து, வெளியே வருவதற்கு முன் அப்சர்வேஷனில் கையெழுத்து வாங்கிவிடுங்கள். இந்த முழு வழிகாட்டியில் ஒன்றை மட்டும் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள்: கையெழுத்து வாங்காமல் ஆய்வகத்தை விட்டு வெளியே வராதீர்கள்.

ரெக்கார்டை அன்றைக்கு இரவோ மறுநாளோ எழுதினால் ஒரு சோதனைக்கு முக்கால் மணி நேரம் ஆகும். கோடு போட்ட பக்கத்தில் பேனா, கோடில்லாப் பக்கத்தில் பென்சில். பொருளடக்கத்தில் தேதியும் பக்க எண்ணும் அன்றே போடுங்கள். ஆறையும் சேர்த்து வைத்தால் ஒரு முழு ராத்திரி, மறுநாள் தூக்கக் கலக்கத்தோடு தேர்வு. நண்பரின் ரெக்கார்டைப் பார்த்து எழுதினால் அவருடைய எண்களும் வந்துவிடும். ஆசிரியர்கள் அதை ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

ஆறாம் படி: இன்டர்னலுக்குப் படிப்பது

பெரும்பாலான கல்லூரிகளில் ஒரு தாளுக்கு இன்டர்னல் 25, பல்கலைக்கழகத் தேர்வு 75. அந்த 75க்கு வினாத்தாள் பொதுவாக இப்படி இருக்கும்: இரண்டு மதிப்பெண் வினா பத்து, ஐந்து மதிப்பெண் வினா ஐந்து, பத்து மதிப்பெண் வினா மூன்று. மூன்று மணி நேரம். ஒரு மதிப்பெண்ணுக்கு ஏறக்குறைய இரண்டரை நிமிடம், பத்து மதிப்பெண் விடைக்கு 24 நிமிடம். இன்டர்னலிலேயே இந்த வேகத்தைப் பழகிக்கொள்ளுங்கள். பள்ளியில் புத்தகத்தின் பின்பக்க வினாவைப் படித்தோம். இங்கே ஒவ்வொரு யூனிட்டிலும் ஒரு பத்து மதிப்பெண், இரண்டு ஐந்து மதிப்பெண், நான்கு இரண்டு மதிப்பெண் வினாக்களை நாமே தேர்ந்தெடுத்துக்கொள்ள வேண்டும். நூலகத்தில் பழைய வினாத்தாள் கட்டு இருக்கும். ஒரு மணி நேரம் அதோடு உட்கார்ந்தால் எது திரும்பத் திரும்ப வருகிறது என்று தெரிந்துவிடும்.

சனி இரவும் ஞாயிறு காலையும் கணிதத்துக்கு, ஞாயிறு மாலை வேதியியலுக்கு. திங்கள் இரவு மறுபடி கணிதம், செவ்வாய் இரவு மறுபடி வேதியியல். ஒவ்வொன்றையும் இரண்டு தடவை தொடுகிற மாதிரி வைத்திருக்கிறேன். கணிதத்தைப் படிக்காதீர்கள், போட்டுப் பாருங்கள். நோட்டை மூடி வைத்து ஒரு கணக்கை முதல் வரியிலிருந்து கடைசி வரைக்கும் போட முடிந்தால்தான் அது தெரியும் என்று அர்த்தம்.

தமிழையும் ஆங்கிலத்தையும் 'அது பாஸ் ஆயிடும்' என்று விட்டுவிடுவதைப் பார்க்கிறேன். மனம் வருந்துகிறது. கணித மேதை இராமானுஜன் 1904இல் உதவித்தொகையோடு கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்தார். கணிதத்திலேயே மூழ்கிப் போய் மற்ற பாடங்களில் தோற்று, அந்த உதவித்தொகையை இழந்தார். அவ்வளவு பெரிய மூளைக்கே அந்த நிலை. மொழிப்பாடத்தில் அரியர் (தேறாமல் நிற்கும் தாள்) விழுந்தால், மூன்றாம் ஆண்டு வரை மேஜரில் நல்ல மதிப்பெண் வைத்திருந்தும் பட்டம் கையில் வராது. செய்யுளில் மனப்பாடப் பகுதியையும் வல்லினம் மிகும் இடங்களையும் பஸ்ஸிலேயே முடித்துவிடலாம். தினமும் ஒரு மணி நேரப் பயணம் என்றால் வாரத்துக்கு ஆறு மணி நேரம் கிடைக்கிறது. நின்றுகொண்டு போகும்போது படிக்க ஒரு சின்னத் துண்டுத் தாள் போதும்.

தமிழ் அசைன்மென்டைப் பொறுத்தவரை ஐந்து பக்கம் என்றால் ஐந்து பக்கம் எழுதுங்கள், பதினைந்து வேண்டாம். இணையத்திலிருந்து எடுத்து ஒட்ட வேண்டாம். நூலகத்தில் ஒரு புத்தகம் எடுத்து, உங்கள் வார்த்தையில் எழுதினால் ஆசிரியர் உங்கள் பெயரை நினைவில் வைத்துக்கொள்வார். அடுத்த மூன்று வருடத்துக்கும் அது உதவும்.

செமினாருக்கு ஒரே ஒரு யோசனை. பேச வேண்டியதை எழுதி மனப்பாடம் செய்யாதீர்கள். ஒரு வரி மறந்தால் அத்தனையும் போய்விடும். நான்கு குறிப்பு எழுதிக்கொண்டு, வீட்டில் அம்மாவை உட்கார வைத்துச் சொல்லிப் பாருங்கள். அவருக்கு ஆங்கிலம் புரியாவிட்டாலும் பரவாயில்லை. எங்கே தடுமாறுகிறீர்கள் என்பது உங்கள் முகத்திலேயே அவருக்குத் தெரியும்.

ஏழாம் படி: உடம்பு

காலை 7:10 பஸ்ஸைப் பிடிக்கச் சாப்பிடாமல் ஓடுவது முதலாம் ஆண்டின் பெரிய வியாதி. பதினொரு மணிக்குத் தலை சுற்றும், கேன்டீனில் ஒரு டீயும் பப்ஸும் சாப்பிட்டுச் சமாளிப்பார்கள். தேர்வு வாரத்தில் இது ஆகாது. இரவே ஒரு டப்பாவில் பழைய சோறும் மோரும், அல்லது இரண்டு இட்லியில் பொடி தடவி எடுத்து வையுங்கள். இறங்கியதும் வகுப்புக்கு முன்னால் பத்து நிமிடம் போதும். தண்ணீர் பாட்டில் கட்டாயம். கழிப்பறை சரியில்லை என்று தண்ணீர் குடிக்காமலே நாளைக் கழிக்கும் பெண் பிள்ளைகளை எனக்குத் தெரியும். நானும் அப்படி இருந்து சிறுநீர்த் தொற்று வந்து அவதிப்பட்டேன். கல்லூரியில் எந்தக் கட்டடத்தில் சுத்தமாக இருக்கிறது என்று சீனியர் அக்காக்களிடம் வெட்கப்படாமல் கேளுங்கள். மாதவிடாய் அந்த வாரத்தில் வருமானால் அதையும் தாளில் எழுதி, அன்றைய வேலையைக் குறைத்து வையுங்கள்.

இரவு பன்னிரண்டுக்கு மேல் விழிக்க வேண்டாம். அதற்குப் பதில் நான்கரைக்கு எழுந்தால் வீடும் அமைதியாக இருக்கும், போனும் அமைதியாக இருக்கும்.

எட்டாம் படி: வாரம் குலைந்தால்

புதன்கிழமை ஏதாவது ஒன்று குலையும். பாட்டிக்கு உடம்பு சரியில்லாமல் போகும், பஸ் வராது, காய்ச்சல் வரும். அப்போது எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டு ஓடாதீர்கள். தாளை எடுங்கள். இரண்டாவது வாய்ப்பு இல்லாத வேலை எது என்று பாருங்கள். தேர்வும் படிவத்தின் கடைசித் தேதியும் அப்படிப்பட்டவை. அவற்றை விட்டுவிடாதீர்கள். மற்றதற்கெல்லாம் ஒரு நாள் தள்ளிக் கேட்கலாம்.

கேட்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. கடைசித் தேதி தாண்டியபின் காரணம் சொன்னால் சாக்குப் போலத் தெரியும். முந்தைய நாள் மதியம் நேரில் போய், பாதி எழுதிய அசைன்மென்டைக் கையில் வைத்துக்கொண்டு, "சார், இவ்வளவு முடிச்சிருக்கேன். வீட்ல பாட்டி ஆஸ்பத்திரில இருக்காங்க. வெள்ளிக்கிழமை கொடுத்துடறேன்" என்று சொல்லுங்கள். பெரும்பாலான ஆசிரியர்கள் ஒத்துக்கொள்வார்கள். அவர்களும் ஏதோ ஒரு ஊரிலிருந்து பஸ் பிடித்துப் படித்தவர்கள்தான். தேர்வே எழுத முடியாத அளவுக்குக் காய்ச்சல் என்றால், அன்று காலையே வகுப்பு ஆசிரியருக்குத் தகவல் கொடுத்து, மருத்துவரிடம் சீட்டு வாங்கி வையுங்கள்.

சில பேருக்கு வேலை குலைவது பிரச்சினையாக இருக்காது, மனசு குலைந்துவிடும். புது ஊர், விடுதி, ஆங்கிலத்தில் பாடம், பேச ஆள் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, இரண்டு வாரமாகத் தூக்கம் இல்லை என்றால் அதைச் சோம்பல் என்று நினைத்து உங்களையே திட்டிக்கொள்ளாதீர்கள். 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணுக்கு எந்த நேரத்திலும் போன் செய்து தமிழிலேயே பேசலாம். சீனியர்கள் யாராவது தொந்தரவு செய்தால் ராகிங் புகாருக்கு 1800-180-5522. இந்த இரண்டு எண்ணையும் இப்போதே போனில் பதிந்து வையுங்கள்.

ஒன்பதாம் படி: மறுபடி சனிக்கிழமை

சனி மாலை வீட்டுக்கு வந்ததும் பையைத் தலைகீழாகக் கவிழ்த்து எல்லாவற்றையும் வெளியே எடுங்கள். அடியில் கிடக்கும் துண்டுச் சீட்டுகளில் யாருக்கோ கொடுக்க வேண்டிய பத்து ரூபாயும், நூலகப் புத்தகத்தின் கடைசித் தேதியும் இருக்கும். கையெழுத்தான ரெக்கார்டுக்கு அட்டை கிழிந்திருந்தால் பிரவுன் பேப்பர் போட்டு வையுங்கள். செமஸ்டர் கடைசியில் செய்முறைத் தேர்வுக்கு அதைத்தான் கொண்டு போக வேண்டும். பழைய தாளில் இடப்பக்கம் முடியாமல் மிஞ்சியவற்றைப் புதுத் தாளின் முதல் வரிகளாக எழுதிக்கொள்ளுங்கள். இன்டர்னல் விடைத்தாள் அடுத்த வாரம் கைக்கு வரும். கூட்டல் சரியாக இருக்கிறதா என்று அங்கேயே பார்க்க வேண்டும் என்பதையும் எழுதுங்கள்.

லேப் கோட்டை மற்றத் துணிகளோடு சேர்த்து ஊற வைக்காதீர்கள். பெர்மாங்கனேட் பட்ட இடம் காய்ந்து பழுப்பாகியிருக்கும், சோப்புக்குப் போகாது. பாதி எலுமிச்சம்பழத்தை அந்த இடத்தில் தேய்த்துக் கொஞ்ச நேரம் விட்டுவிட்டு, அப்புறம் அலசிப் போடுங்கள்.